ஆட்டத்துக்கு முந்தைய அரைமணி

உலகத்துச் சவாரி உடைக்குத் தன் பெயரையே கொடுத்த நகரம் ஜோத்பூர். குதிரை மீது முதலில் ஏறுகிறவருக்கு அந்த உடை கிடைத்திருக்கிறதா?

டிசம்பர் மாதம் ஜோத்பூரில் போலோ பருவம். பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் இரண்டரைக்கே மைதானத்தின் பின்பக்கம் வேலை தொடங்கிவிடும். முன்பக்கத்து ஷாமியானாவில் நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பின்பக்கத்தில், கட்டியிருக்கும் குதிரைகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டுப் புழுதியில் வட்டமிடத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் வெறும் நடை. பிறகு மெதுவான ஓட்டம். கொஞ்ச நேரம் இடப்பக்கமாக வட்டம், கொஞ்ச நேரம் வலப்பக்கமாக. கடைசியில் ஒன்றிரண்டு குறும்பாய்ச்சல்கள், சட்டென்று நிறுத்தம், திருப்பம். விளையாட்டு மொழியில் இதற்குப் பெயர் 'வார்ம் அப்'. ஆட்டத்துக்கு முன் குதிரையின் உடம்பைச் சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை.

இதைச் சம்பிரதாயம் என்று யாரும் தள்ளிவிடுவதில்லை. குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லலாம், எலும்பும் தசைநாண்களும்தான். நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு முழு வேகத்தில் திரும்பும்போது அந்த நாண்கள்தான் பாரம் தாங்குகின்றன. குளிர்ந்து விறைத்த நிலையில் திடீரென்று பாரம் ஏற்றினால் காயம் படும். ஒரு முறை தசைநாண் கிழிந்த குதிரை மறுபடி மைதானத்துக்கு வர மாதக் கணக்கில் ஆகலாம், வராமலே போகலாம்.

போலோவில் ஓர் 'சக்கர்' என்பது ஏழு நிமிடம். மேலும் 30 வினாடி நீளலாம். ஒவ்வொரு சக்கருக்கும் குதிரையை மாற்றுவது வழக்கம். நான்கு சக்கர் ஆடுகிற ஒருவர் மூன்று, நான்கு குதிரைகளுடன் வருவார். அத்தனையையும் அவரே சூடேற்ற முடியாது. ஆகவே அந்த அரைமணி நேரம் குதிரை மீது இருப்பவர் பெரும்பாலும் ஆட்டக்காரர் அல்ல, சாயிஸ். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி போட்டு, லாயத்தின் பக்கத்திலேயே படுத்து உறங்குகிற குதிரைக்காரர்.

அவர் என்ன உடுத்தியிருக்கிறார்? இந்தியாவின் லாயங்கள் பலவற்றில் காணக்கூடியது இதுதான்: யாரோ கொடுத்த பழைய ஜீன்ஸ் அல்லது டெரிகாட்டன் பேன்ட், கேன்வாஸ் ஷூ, முழங்கை நைந்த ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். தலையில் பல நேரம் ஒன்றுமில்லை. மூன்று மணி அடிக்கும்போது ஆட்டக்காரர் வருவார். வெள்ளைக் கால்சட்டை, கண்ணாடி போல் மின்னும் பழுப்பு பூட்ஸ், முழங்கால் காப்பு, ஹெல்மெட். சாயிஸ் இறங்க, அவர் ஏறுவார். காமிராக்கள் அதன் பிறகுதான் திரும்பும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இருவருமே 'ஜோத்பூர்ஸ்' அணிந்திருக்க மாட்டார்கள். சாயிஸுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களோ இந்நாளில் வெள்ளை ஜீன்ஸுக்கு மாறிவிட்டார்கள். உலகம் முழுவதும் குதிரைச் சவாரிக் கால்சட்டைக்கு எந்த ஊரின் பெயர் வழங்குகிறதோ, அந்த ஊரில் அந்த உடையைப் பார்க்க வேண்டுமானால் கடைவீதிக்குத்தான் போக வேண்டும்.

ராவ் ஜோதா 1459இல் நிறுவிய நகரம் இது. பாறை மீது அவர் தொடங்கிய மெஹ்ரான்கட் கோட்டை, ஊரின் எந்த மூலையிலிருந்து அண்ணாந்தாலும் தெரிகிறது. கீழே நீல வண்ண வீடுகள். அவற்றுக்கு நடுவே கண்டா கர் எனப்படும் மணிக்கூண்டும், அதைச் சுற்றிய சர்தார் மார்க்கெட்டும். மிளகாய்ப் பொடி நெடியும் லஸ்ஸிக் கடை இரைச்சலும் தாண்டினால் துணிக் கடைகள், தையற்கடைகள். பந்த்கலா கோட்டும் அதற்கு ஜோடியான பிரீச்சஸும் அங்கே பொம்மைகள் மீது நிற்கின்றன. வாங்குபவர்களில் குதிரை ஏறுகிறவர்கள் குறைவு; குதிரை ஏறி ஊர்வலம் போகும் மாப்பிள்ளைகள் அதிகம்.

உடையின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. ராஜஸ்தானத்தில் வெகுகாலமாக வழங்கிய சுரிதார்தான் இதன் தாய். கெண்டைக்கால் வரை இறுக்கம், மேலே தளர்ச்சி. அதைச் சவாரிக்கென்று திருத்தி அமைத்தவர் என்று சொல்லப்படுபவர் சர் பிரதாப் சிங் (1845–1922). மகாராஜா இரண்டாம் ஜஸ்வந்த் சிங்கின் தம்பி. பல முறை ஜோத்பூரின் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்தவர். இடையில் இடர் சமஸ்தானத்தின் அரசர். குதிரையும் போலோவும் அவருக்கு உயிர். 1889இல் உருவான ஜோத்பூர் குதிரைப் படைக்குப் பின்னணியில் இருந்தவரும் அவரே.

அவரைப் பற்றி ஊரில் வழங்கும் கதை ஒன்று உண்டு. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக 1887இல் லண்டன் போனபோது அவருடைய பெட்டிகள் கப்பலோடு கடலில் போய்விட்டன. கையில் இருந்தது உடுத்திய உடை மட்டும். ஆகவே லண்டன் தையற்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத் தன் கால்சட்டையின் வெட்டு முறையை விளக்க வேண்டியதாயிற்று. ஜோத்பூரின் ரகசியம் அந்த நிமிடமே இங்கிலாந்தின் சொத்தாகிவிட்டது என்று கதையை முடிப்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, 1897 வைர விழாவுக்குப் பின் அந்த உடையின் புகழ் இங்கிலாந்தில் பரவியது வரலாறு. 20ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் 'ஜோத்பூர்ஸ்' என்பது ஆங்கில அகராதிச் சொல்லாகிவிட்டது.

அந்த வெட்டில் இருந்த சூட்சுமம் என்ன? இன்று பலரும் ஸ்டைல் என்று நினைக்கும் தொடைப் புடைப்பு ஸ்டைலே அல்ல. அந்தக் காலத்துச் சவாரித் துணிகள் நீளாதவை. காக்கி டிரில், விப்கார்ட், கேவல்ரி ட்வில் எல்லாமே முரட்டு நெசவு. சேணத்தில் உட்காரும்போது இடுப்பும் முழங்காலும் மடங்க வேண்டும், தொடை விரிய வேண்டும். துணி நீளாது என்றால் இடம் விட்டுத் தைப்பதைத் தவிர வழியில்லை. அதனால் மேலே விசாலம். ஆனால் முழங்காலுக்குக் கீழே துணி தளர்ந்தால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் தோல் உரியும். அதனால் கீழே ஒட்டிய இறுக்கம். முழங்காலின் உட்புறத்தில் உராய்வைத் தாங்க இன்னொரு அடுக்குத் துணி அல்லது மெத்தென்ற தோல் ஒட்டு. கணுக்கால் வரை இறங்கியதால் உயரமான பூட்ஸ் தேவைப்படவில்லை. கணுக்கால் அளவுக் குட்டை பூட்ஸ் போதும். வெயில் ஊருக்கு ஏற்ற சிக்கனம்.

ஆக, அழகாகத் தெரிந்தது எல்லாம் வசதிக்காகச் செய்தது. அதுதான் அந்த உடையின் நேர்மை.

அந்த வசதியை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டவர்கள் பெண்கள். ஐரோப்பாவில் அதுவரை பெண்கள் நீண்ட பாவாடையோடு குதிரையின் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார வேண்டியிருந்தது. பிரெஞ்சு உடையலங்காரக் கலைஞர் கோகோ ஷனேல் இளவயதில், லாயத்துப் பையன் ஒருவனின் சவாரிக் கால்சட்டையை மாதிரியாகக் காட்டித் தனக்கும் அதேபோல் தைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். உலக நாகரிகத்தின் தலைவி எனப் பெயர் எடுத்தவர் முன்மாதிரியாகக் கொண்டது எஜமானின் உடையை அல்ல, குதிரைக்காரனின் உடையை.

ஜோத்பூரிலும் முதலில் அது உழைப்பின் உடையாகவே இருந்தது. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் குதிரைப் படையினர், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியும் வாளுமாகப் பாய்ந்து ஹைஃபா நகரைப் பிடித்தார்கள். தலைமை தாங்கிய மேஜர் தல்பத் சிங் அந்தத் தாக்குதலில் உயிரிழந்தார். புது தில்லியின் தீன் மூர்த்தி சதுக்கத்தில் நிற்கும் மூன்று வீரர் சிலைகள் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் படைகளைக் குறிப்பவை. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் அன்று சவாரிக்கு ஏற்ற கால்சட்டை இருந்தது. சேணத்தில் உட்காரும் கால் யாருடையது என்று பார்த்துப் படைத் தையற்காரர் துணி வெட்டவில்லை.

உடையின் உருவத்தை மாற்றியது ரசாயனம். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் 1958இல் ஸ்பான்டெக்ஸ் எனும் நீளும் இழை பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் நீண்டு சுருங்கும் துணிகள் சவாரி உடைக்குள் நுழைந்தன. தொடையில் இடம் விட வேண்டிய அவசியமே போயிற்று. புடைப்பு மறைந்தது. உடம்போடு ஒட்டிய புதிய பிரீச்சஸ் வந்தது. தோல் ஒட்டுக்குப் பதிலாக, சேணத்தில் வழுக்காதிருக்க சிலிக்கோன் புள்ளிகள் பதிக்கிறார்கள். அளவு எடுத்துத் தைக்கும் கலையின் இடத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்ற மூன்று எழுத்துகள் பிடித்துக்கொண்டன. பழைய வெட்டு மட்டும் மாப்பிள்ளைகளுக்காக மிஞ்சியிருக்கிறது.

அளவெடுக்கத் தெரிந்த தையற்காரர் பிரீச்சஸுக்கு எடுக்கும் அளவுகள் சாதாரணப் பேன்ட்டின் அளவுகள் அல்ல. இடுப்பு, பிருஷ்டம், தொடை, முழங்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ், கெண்டைக்காலின் பருத்த இடம், கணுக்கால். நின்ற நிலையில் எடுத்ததை முழங்காலை மடக்கச் சொல்லி மறுபடி சரிபார்க்க வேண்டும். இரு கெண்டைக்கால்களும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். தையல் கோடு சேணத்தில் படும் உட்பக்கம் வராமல் ஒதுக்க வேண்டும். பொத்தான்களையும் அப்படியே.

ஆயத்தக் கடையில் வாங்குபவர் இந்த அறிவைத் தாமே கொண்டுபோக வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்ப்பது இதற்கு உதவாத சோதனை. அங்கேயே குந்தி உட்கார வேண்டும். ஒரு காலை நாற்காலி மீது தூக்கி வைக்க வேண்டும். முதுகுப் பக்கம் இடுப்பு கீழே இறங்கக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் துணி கொத்தாகச் சேரக் கூடாது. உட்தொடையில் விரலை ஓட்டிப் பார்த்தால் தடித்த தையல் தட்டுப்படக் கூடாது. சாதாரண ஜீன்ஸ் தோற்பது இந்த இடத்தில்தான். அதன் மிகத் தடித்த தையல், சேணம் உரசும் இடத்திலேயே ஓடுகிறது. அரைமணி ஓட்ட நடைக்குப் பிறகு அந்த இடம் எரியும். எரிச்சலைத் தவிர்க்க ஏறியவர் ஒரு பக்கமாகச் சாய்வார். அந்தச் சாய்வு குதிரையின் முதுகுக்கு உடனே தெரியும். அது முதுகை விறைத்துக்கொள்ளும். தளர்த்துவதற்காகத் தொடங்கிய வேலை விறைப்பில் முடியும்.

மேலுடைக்கு ஜோத்பூரின் தட்பவெப்பமே ஆசான். குளிர்காலப் பயிற்சி விடியற்காலையில் நடக்கும். டிசம்பரில் இங்கே ஏழு மணிக்கும் சூரியன் வருவதில்லை. பத்து டிகிரி குளிரில் தொடங்கும் சவாரி, பத்து மணிக்கு வியர்வையில் முடியும். ஒரே தடித்த கோட்டு இதற்கு உதவாது. உடம்போடு பொருந்திய பருத்திச் சட்டை, அதன் மேல் கையில்லாத மேற்சட்டை, அதற்கு மேல் முன்பக்கம் திறக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கிக்கொள்வது நல்லது. சூடேறியதும் ஒன்றொன்றாகக் கழற்றலாம். ஆனால் இறங்கி நின்று கழற்ற வேண்டும். சேணத்தில் இருந்தபடியே கையை உருவ முயன்று, கடிவாளம் நழுவி, காற்றில் துடிக்கும் துணியைக் கண்டு மிரண்ட குதிரையிடம் அகப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். பின்னால் படபடக்கும் மஃப்ளர் அதற்கு ஒரு வேட்டை மிருகம். சரசரக்கும் நைலான் கோட்டும் இளங்குதிரைக்கு ஆகாது.

பூட்ஸுக்கு ஒரே கண்டிப்பு: அடிப்பாகம் வழவழப்பாகவும் குதிகால் சுமார் ஓர் அங்குலம் உயர்ந்தும் இருக்க வேண்டும். குதிகால் இல்லாத கேன்வாஸ் ஷூ அங்கவடிக்குள் முழுக்கப் புகுந்துவிடும். விழும்போது கால் சிக்கிக்கொண்டால், குதிரை ஓட, ஆள் தரையில் இழுபட நேரும். பகட்டுக்காக உண்டானதல்ல அந்தக் குதிகால்.

பிறகு நேர்த்தி. சூடேற்றும் நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள், பழைய பனியன் போதாதா என்று கேட்கலாம். பார்க்கிறவர் ஒருவர் உண்டு, பயிற்சியாளர். சவாரி செய்பவரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும் என்பது பாலபாடம். தொளதொளத்த சட்டைக்குள் கூன் தெரியாது, சாய்ந்த இடுப்பு தெரியாது. தெரியாததைத் திருத்தவும் முடியாது. சட்டையை உள்ளே செருகி, பெல்ட் போட்டு, முடியைக் கட்டி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வருவது மரியாதை மட்டுமல்ல. தன் தவறுகளைக் காட்டத் தயார் என்ற ஒப்புதலும்தான். நிறத்தில் மார்வாரின் மண்ணே வழிகாட்டி. பிஸ்கட் நிறம், வெளிர் பழுப்பு ஆகியவை புழுதியை மறைக்கும். வெள்ளைப் பிரீச்சஸோடு களமிறங்க வேண்டிய நாளில், அதன் மேல் தளர்ந்த கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு குதிரையைச் சூடேற்றிவிட்டு, களம் புகும் நேரத்தில் கழற்றிவிடுவார்கள் அனுபவசாலிகள்.

தலைக்கு வரும்போது நேர்த்திக்கும் உயிருக்கும் நடுவே நேரடி மோதல். ஜோத்பூரின் பெருமை அதன் சாஃபா. ஏறத்தாழ ஒன்பது மீட்டர் துணி. மேல்நாட்டுக் குதிரை நடனப் போட்டிகளின் பெருமை நெட்டைப் பட்டுத் தொப்பி. இரண்டும் கண்ணுக்கு அழகு. விழுந்தால் காப்பதற்காகச் செய்ததல்ல இரண்டும். 2008 ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் சாதாரணப் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் தலையில் பலத்த காயம்பட்டு வாரக் கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அன்று அவர் ஹெல்மெட் அணியவில்லை. போட்டி அல்ல, கூட்டம் இல்லை, காமிரா இல்லை. விபத்துக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பின் எழுந்த இயக்கம் உலகெங்கும் கேட்டது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி 1 முதல் குதிரை நடனப் போட்டிகளில் எல்லாருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பட்டுத் தொப்பியின் காலம் முடிந்தது.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அதே நடனப் போட்டியில் அணித் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். நால்வரில் திவ்யகிருதி ராஜஸ்தானின் ஜெய்ப்பூர்க்காரர். பதக்க மேடைப் படங்களில் வெள்ளைப் பிரீச்சஸ் பளிச்சென்று தெரிந்தது. இளைஞர்கள் பலர் சவாரிப் பள்ளிகளை விசாரிக்கத் தொடங்குவதற்கு இப்படிப்பட்ட படங்களே காரணம். முதல் நாள் அவர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் உடையைப் பற்றியதுதான்.

ஆனால் லாயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒருவர் இருக்கிறார். மாணவருக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு, அங்கவடியை அளவு பார்த்துச் சரிசெய்து, குதிரையை முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறவர். எந்தக் குதிரை இன்று முரண்டு பிடிக்கும் என்று தெரியாத நிலையில் முதலில் ஏறுவது அவர்தான். மற்றவர்கள் ஏறும்போது பாதி அபாயம் அவரால் கழிந்திருக்கும். ஒரு நல்ல போலோ குதிரையின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி குதிகால் வைத்த பூட்ஸ், அளவாகத் தைத்த இரண்டு பிரீச்சஸ் எல்லாம் சேர்ந்தும் ஒரு பொருட்டான செலவல்ல. செலவு என்பதால் அது நடக்காமல் இல்லை; யாருக்கும் தோன்றாததால்தான் நடக்காமல் இருக்கிறது. மாற்றம் தொடங்கியுள்ள லாயங்களும் உண்டு. மற்றவை யோசிக்க வேண்டும்.

மூன்று மணி. மைதானத்தில் முதல் சக்கர் தொடங்கிவிட்டது. பின்பக்கத்தில் இரண்டாம் சக்கருக்கான குதிரைகள் இன்னும் வட்டமிடுகின்றன. ஒரு மார்வாரிக் குதிரை, உட்பக்கம் வளைந்து நுனிகள் முட்டிக்கொள்ளும் காதுகளை நிமிர்த்தி, மைதானத்து ஆரவாரத்தைக் கேட்கிறது. அதன் மேல் இருக்கும் சாயிஸ் கழுத்தைத் தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்துகிறார். அவருடைய கேன்வாஸ் ஷூவின் முனை அங்கவடிக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் நடக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது.